1858 அட்லாண்டிக் கேபிளைக் கொன்றது 2,000 வோல்ட்டா?

உப்புக்காற்று · ஜூன் 3, இரவு 9:40

எதைப் படித்தாலும் ஒரே கதை. 1858 ஆகஸ்ட் 5 அன்று அயர்லாந்தின் வலென்ஷியாவையும் வட அமெரிக்கக் கரையோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தையும் கடலடித் தந்திக் கேபிள் இணைத்தது. கம்பெனியின் மின்பொறுப்பாளர் வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ், தொழிலால் அறுவை மருத்துவர். ஐந்தடி நீளத் தூண்டல் சுருள்களை வைத்து சுமார் 2,000 வோல்ட் ஏற்றினார், கேபிள் கருகிவிட்டது, செப்டம்பர் தொடக்கத்திலேயே பேச்சு நின்றது. வில்லியம் டாம்சன் (பிற்கால கெல்வின் பிரபு) மேதை, ஒயிட்ஹவுஸ் மடையன், கதை முடிந்தது.

எனக்கு இது இடிக்கிறது. செம்புக் கம்பி மேல் இன்சுலேஷனாகப் பூசியது கட்டாபர்ச்சா, ரப்பர் மாதிரி ஒரு மரப்பால் சரக்கு. கிட்டத்தட்ட நான்கு மி.மீ. தடிமனுள்ள அதை 2,000 வோல்ட் துளைக்குமா? மோட்டார் வைண்டிங் மேல் இருக்கிற வார்னிஷே இதைவிட மெல்லிசு. தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். "வரலாறு சொல்கிறது" என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

தாமிரத்தூள் · ஜூன் 3, இரவு 11:15

துளைக்காது. கணக்கு இதோ.

உள்ளே ஏழு செப்பு இழைகள், 22ஆம் கேஜ். முறுக்கியபின் குறுக்களவு 2.1 மி.மீ. மேலே மூன்று பூச்சாகக் கட்டாபர்ச்சா, வெளிக்குறுக்களவு 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. சுவர்த் தடிமன் 3.7 மி.மீ. 2,000 வோல்ட்டுக்குச் சராசரி மின்புலம் மி.மீ.க்கு 540 வோல்ட். உருளை வடிவம் என்பதால் செம்பை ஒட்டிய இடத்தில் கூடுதலாக இருக்கும்: 2000 ÷ (1.07 × 1.49), ஏறக்குறைய மி.மீ.க்கு 1,250 வோல்ட். குறையில்லாத கட்டாபர்ச்சா இதைப் போலப் பல மடங்கு தாங்கும்.

ஆனால் அந்தக் கேபிளில் குறையில்லாத கட்டாபர்ச்சா எத்தனை மைலுக்கு இருந்தது என்பதுதான் வழக்கு. செம்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி, சுவர் அரை மி.மீ. ஆகிவிட்ட இடத்தில் மேலே போட்ட கணக்கெல்லாம் செல்லாது. ஊசித்துளை வழியாக உப்புத் தண்ணீர் செம்பைத் தொட்டுவிட்ட இடத்திலோ, சுவர் என்று ஒன்றே கிடையாது. அங்கே 2,000 வோல்ட் அடித்தால் துளைக்குள் நிற்கும் தண்ணீர் கொதிக்கும், ஆவியாகும், பொறி பறக்கும், ஓரம் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த அடிக்குத் துளை இன்னும் பெரிசு.

ஆக என் கட்சி: ஒயிட்ஹவுஸ் இருந்த ஓட்டையைப் பெரிசாக்கினார். ஓட்டை தொழிற்சாலையிலேயே இருந்தது.

பிசின்டப்பா · ஜூன் 4, காலை 6:50

டாக்டர் கையில் நோயாளி செத்தால் டாக்டர் மேல்தான் பழி. இவர் நிஜமாகவே டாக்டர் வேறு.

கடல்மைல் · ஜூன் 4, காலை 10:05

தொழிற்சாலை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எல்லாரும் தாண்டிப் போகிற பகுதி அது.

1857இல் 2,500 கடல் மைல் கேபிளை ஆறே மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். கட்டாபர்ச்சா பூசிய கரு ஒரே கம்பெனியில் தயாரானது. இரும்புக் கவசம் சுற்றும் வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்து, கிரீனிச்சில் கிளாஸ் எலியட்டுக்கும் பர்கன்ஹெட்டில் நியூவாலுக்கும் கொடுத்தார்கள். கவசம் என்பது 18 புரி, ஒவ்வொரு புரியிலும் 7 மெல்லிய இரும்புக் கம்பி. ஒருவர் வலப்புறமாக முறுக்கினார், மற்றவர் இடப்புறமாக. இரண்டு துண்டும் நடுக்கடலில் சேரும்போதுதான் இதன் வினை தெரியும், அதைப் பிறகு எழுதுகிறேன்.

முடித்த கேபிளைத் திறந்த வெளியில் சுருட்டி வைத்தார்கள். கோடை வெயில். கட்டாபர்ச்சா வெந்நீரில் போட்டாலே பிசையும் பதத்துக்கு வரும் சரக்கு. மேலே தாரில் ஊறிய சணல், அதற்கு மேல் கறுத்த இரும்பு, சூடு உள்ளே இறங்கத் தடையே இல்லை. இளகிய கட்டாபர்ச்சாவுக்குள் செம்பு தன் எடையாலும் சுருளின் வளைவாலும் மெல்ல ஒரு பக்கமாக அமிழும். சில இடங்களில் வெளியே எட்டியே பார்த்துவிட்டது. அப்படிப்பட்ட துண்டுகளை வெட்டி எடுத்ததாகப் பதிவு இருக்கிறது. கண்ணில் பட்டதை வெட்டினார்கள். படாதது கப்பலேறியது.

அப்புறம் அந்தக் கேபிள் பட்ட பாடு: 1857 ஆகஸ்டில் முதல் முயற்சி, முந்நூறு சொச்சம் மைல் போட்டபின் அறுந்தது. மிச்சத்தைக் கரைக்குக் கொண்டுவந்து பிளிமத் அருகே கீயம் தளத்தில் குளிர்காலம் முழுக்க வைத்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். 1858 ஜூனில் அகமெம்னான் கப்பல் புயலில் சிக்கியபோது கேபிள் சுருள் இடம்பெயர்ந்து சிக்கலானது. ஒவ்வொரு முறை சுருட்டிப் பிரிக்கும்போதும் வளைவில் கட்டாபர்ச்சா இழுபடும்.

கவசம் சுற்றி முடித்த முழு நீளத்தையும் தண்ணீருக்குள் வைத்துச் சோதிக்கவே இல்லை. காய்ந்த கேபிளில் ஊசித்துளை இருந்தால் எந்த மீட்டரும் காட்டாது, துளைக்குள் காற்றுதானே இருக்கிறது.

உப்புக்காற்று · ஜூன் 4, இரவு 8:30

கடைசி வரி ஒன்றே போதும், பாதி வழக்கு முடிந்தது. அப்படியென்றால் ஓட்டை எங்கே இருந்தது என்று யாராவது அளந்தார்களா?

தாமிரத்தூள் · ஜூன் 4, இரவு 10:20

அளந்தார்கள். தந்திப் பொறியாளர் கிராம்வெல் வார்லி செப்டம்பரில் வலென்ஷியாவில் சோதித்து, பெரிய பழுது கரையிலிருந்து 245 முதல் 300 மைலுக்குள் என்றார். கடலில் இறங்குவதற்கு முன்பே அந்தப் பழுது இருந்திருக்க வேண்டும் என்பதும், சுருள்களின் பலத்த மின்னோட்டம் அதை மோசமாக்கியிருக்கலாம் என்பதும் அவர் கருத்து. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டுரைகளில் இரண்டாவது பாதி மட்டும்தான் வருகிறது.

வழிமுறை எளிது. மறுமுனையைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு இந்த முனையிலிருந்து தடையை அளப்பது. பழுதில் செம்பு நேரடியாகக் கடலைத் தொட்டால், காட்டும் தடையை மைலுக்கான தடையால் வகுத்தால் தூரம். ஆனால் பழுதுக்கே ஒரு தடை உண்டு, அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதனால்தான் ஒற்றை எண் கொடுக்காமல் 245–300 என்று இடைவெளி விட்டுச் சொன்னார்.

ஓம் என்ற அலகே அன்று நிலைபெறவில்லை. பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தடை அலகுக் குழு 1861இல்தான் அமைந்தது. 1858இல் ஆளுக்கு ஒரு சுருள், ஆளுக்கு ஒரு அளவு.

தாமிரத்தூள் · ஜூன் 4, இரவு 10:55

மேலதிகமாக ஒன்று. தூண்டல் சுருளின் துடிப்பு மிகக் குறுகியது. கேபிளுக்குள் போகப் போக அது பரவித் தாழும். 270 மைல் தள்ளி 2,000 வோல்ட் போய்ச் சேரவே சேராது, அதில் சிறு பங்குதான் போகும். முழு அடி வாங்கியிருந்தால் கரையோர மைல்கள்தான் வாங்கியிருக்க வேண்டும். பழுதோ நடுவே எங்கோ இருந்தது. "2,000 வோல்ட் கொன்றது" என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பிசின்டப்பா · ஜூன் 5, காலை 7:10

எதிர்க்கட்சி சார்பாக நான். குறுகிய துடிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடவையா அடித்தார்? நாள் கணக்கில் அடித்தார். ஏற்கெனவே ஓட்டையான இடத்துக்குச் சில நூறு வோல்ட் போதும். சாதாரண டேனியல் மின்கலத்தோடு விட்டிருந்தால் கேபிள் இன்னும் சில மாதம் நொண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. கொலை இல்லை, ஆனால் தண்டனை உண்டு.

துருவம் பற்றி யாரும் பேசவில்லையே? பழுதுள்ள கேபிளில் அதுதான் முக்கியம். செம்பில் நேர்மின் கொடுத்தால் பழுதுள்ள இடத்தில் செம்பு கரைந்து செப்புக் குளோரைடு படியும். அந்தப் படிவு சரியாகக் கடத்தாது, பழுது ஆறிவிட்டது போல மீட்டர் காட்டும். உள்ளே கம்பி தேய்ந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் அறுந்துவிடும். எதிர்மின் கொடுத்தால் ஹைட்ரஜன் குமிழி கிளம்பித் துளையைச் சுத்தமாக்கும், கசிவு அதிகம் தெரியும், ஆனால் செம்பு பிழைக்கும். பிறகு வந்த கேபிள்காரர்கள் பழுது தெரிந்தால் மின்கலத்தின் துத்தநாக (எதிர்மின்) முனையைத்தான் கம்பியோடு கட்டி வைப்பார்கள். 1858இல் துடிப்பை மாற்றி மாற்றி அனுப்பினார்கள், அதனால் இரண்டு கெடுதலும் கிடைத்தது.

உப்புக்காற்று · ஜூன் 5, மதியம் 1:15

குறுக்கே ஒரு கேள்வி. அதே சமயத்தில் பெரிய சூரியப் புயல் அடித்ததே, வானியலாளர் காரிங்டன் பார்த்தது. அது கேபிளைக் கெடுத்திருக்குமா?

கடல்மைல் · ஜூன் 5, மதியம் 1:40

அது 1859, ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும். கேபிள் செத்து வருஷம் திரும்பிவிட்டது. அந்தப் புயலில் பாஸ்டன்–போர்ட்லாண்ட் தரைக்கம்பியில் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புவி மின்னோட்டத்தை வைத்தே தந்தி அடித்தார்கள். கரண்ட் பில் இல்லாத ஒரே நாள்.

உப்புக்காற்று · ஜூன் 5, இரவு 9:00

சரி, அடுத்தது. விக்டோரியா ராணியின் செய்தி 98 சொல், 16 மணி நேரம். மணிக்கு ஆறு சொல். இவ்வளவு மெதுவாகப் போக என்ன காரணம்? கம்பி மெலிசு என்பதாலா?

தாமிரத்தூள் · ஜூன் 6, காலை 5:30

கம்பி மெலிசு என்பது பாதி. மீதி, கேபிளே ஒரு மாபெரும் மின்தேக்கி. செம்பு ஒரு தகடு, கடல் மறு தகடு, நடுவே கட்டாபர்ச்சா. ஃபாரடே 1854இலேயே இதை விளக்கிவிட்டார். டாம்சன் அதே ஆண்டில் கணக்காக்கி மறு ஆண்டில் வெளியிட்டார்: தாமதம், மொத்தத் தடையையும் மொத்தக் கொள்ளளவையும் பெருக்கிய அளவில். நீளம் இரட்டித்தால் இரண்டும் இரட்டிக்கும், தாமதம் நான்கு மடங்கு. ஒயிட்ஹவுஸ் 1856இல் பிரிட்டிஷ் சங்கக் கூட்டத்தில் இதை மறுத்துப் பேசினார்.

1858 கேபிளுக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் மைலுக்குச் செம்பு 107 ராத்தல், கட்டாபர்ச்சா 261 ராத்தல். செம்பு சுத்தமாக இருந்தால் மைலுக்கு ஏறக்குறைய 11.8 ஓம். 2,050 மைல் என்று வைத்தால் 24,000 ஓம். கொள்ளளவு மைலுக்கு 0.28 மைக்ரோஃபாரட் அளவில், மொத்தம் 570. இரண்டையும் பெருக்கினால் 13.7 வினாடி.

டாம்சனின் சமன்பாட்டில் இதைப் போட்டால், இந்த முனையில் சாவியை அழுத்திய 0.55 வினாடியில் மறுமுனையில் இறுதி மின்னோட்டத்தின் 1 சதவீதம் தெரியும். 0.9 வினாடியில் 10 சதவீதம், 1.9 வினாடியில் பாதி, 90 சதவீதம் வர 4.2 வினாடி. சாவியை விட்டபின் வடியவும் இதே அளவு நேரம். ஒரு குறி வடியுமுன் அடுத்தது வந்தால் இரண்டும் குழம்பிவிடும்.

இப்போது ஒயிட்ஹவுஸ் ஏன் வோல்ட்டேஜைக் கூட்டினார் என்பது புரியும். குறியைப் பெறும் முனையில் அவர் வைத்த கருவியான ரிலே அசைய ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும். 10 சதவீதத்தில் அசைகிற ரிலே என்று வையுங்கள். வோல்ட்டேஜை இரட்டித்தால் 5 சதவீதத்திலேயே அசையும். லாபம் எவ்வளவு? 0.9 வினாடி 0.75 ஆகும். ஆறில் ஒரு பங்கு. இந்த லாபத்துக்காக இன்சுலேஷன் மேல் இரட்டை அழுத்தம், வடிய வேண்டிய மின்னூட்டமும் இரட்டை. டாம்சன் எதிர்ப்பக்கம் போனார்: அனுப்புவது கொஞ்சமாக இருக்கட்டும், பார்க்கிற கண்ணைக் கூர்மையாக்கு. இரண்டு பேர் சண்டையின் சாரம் இந்த ஒரு பத்தியில் அடங்கிவிடும்.

கடல்மைல் · ஜூன் 6, காலை 9:25

ஒரு திருத்தம் போட்டே ஆக வேண்டும். உங்கள் கணக்குப்படியே நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொல் போயிருக்க வேண்டும். 98 சொல் ஒரு மணியிலோ ஒன்றரை மணியிலோ முடிந்திருக்கும். 16 மணி நேரத்தின் பெரும்பகுதி "திரும்ப அனுப்பு", "மெதுவாக அனுப்பு", கருவி சரிசெய்வது, பழுதால் குறி மங்குவது, இதிலேயே போனது. மின்தேக்கி மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

தாமிரத்தூள் · ஜூன் 6, காலை 11:00

சரிதான். இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: "செம்பு சுத்தமாக இருந்தால்" என்று நான் போட்ட நிபந்தனை. டாம்சன் வெவ்வேறு ஆலைச் செம்பை அளந்தபோது கடத்துதிறன் தாறுமாறாக மாறியது. ஆர்சனிக் துளி இருந்தாலே கடத்துதிறன் சரியும். கண்ணுக்கு எல்லாம் ஒரே செம்புதான். ஒவ்வொரு துண்டையும் அளந்து வாங்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால்தான் செம்பு ஆலைகளுக்குக் கடத்துதிறன் என்று ஒரு தர அளவு வந்தது. ஆனால் 1857இல் முடித்த கேபிளில் பெரும்பகுதிக்கு அது தாமதம்.

பிசின்டப்பா · ஜூன் 6, இரவு 7:45

டாம்சனின் கூர்மையான கண், அதாவது கண்ணாடி கால்வனோமீட்டர், எப்படிச் செய்வது என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

பொட்டு அளவு வட்டக் கண்ணாடி, பின்னால் கடிகார வில்லில் வெட்டிய துணுக்குகளைக் காந்தமாக்கி ஒட்டுவது. இரண்டும் சேர்ந்து ஒன்றிரண்டு கிரெயின், 0.1 கிராம் அளவு. முறுக்கில்லாத ஒற்றைப் பட்டிழையில் தொங்கவிட்டு, ஆயிரக்கணக்கான சுற்றுள்ள சுருளின் நடுத்துளையில் வைப்பது. முன்னால் விளக்கு, அதன் ஒளி கண்ணாடியில் பட்டு இரண்டு மூன்று அடி தள்ளியிருக்கும் அளவுகோலில் புள்ளியாக விழும். மேலே வளைந்த கட்டுப்பாட்டுக் காந்தம், அதை ஏற்றி இறக்கித் திருப்பினால் புள்ளி நடுவுக்கு வரும்.

இதில் தப்புகிற இடங்கள் மூன்று. இழையில் முறுக்கு மிச்சமிருந்தால் புள்ளி நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். காந்தம் கனமாகிவிட்டால் ஆடி அடங்க நேரமாகும், அடுத்த குறி அதற்குள் வந்துவிடும். அறையில் வெளிச்சம் இருந்தால் புள்ளி தெரியாது. அதனால் கேபிள் நிலையத்தில் ஒருவர் இருட்டில் உட்கார்ந்து புள்ளி இடமா வலமா என்று சொல்ல, இன்னொருவர் எழுதுவார்.

ஒயிட்ஹவுஸ் தன் ரிலே வேலை செய்யாதபோது டாம்சனின் கருவியில் படித்துவிட்டு, தன் கருவியில் வந்ததாகக் கம்பெனிக்குத் தெரிவித்தார். ஆகஸ்ட் நடுவில் வேலை போனது. எனக்கு வோல்ட்டேஜைவிட இதுதான் பெரிய குற்றம்.

கடல்மைல் · ஜூன் 7, காலை 8:00

சொன்னபடி முறுக்குக் கதை. கவசமிட்ட கேபிளை இழுத்தால் அது முறுக்கவிழப் பார்க்கும். இரண்டு கப்பலும் நடுக்கடலில் இணைத்துவிட்டு எதிரெதிர்த் திசையில் போகின்றன, இணைப்பு ஆழத்தில் தொங்குகிறது. இரு பக்கமும் ஒரே முறுக்கு என்றால் இரண்டு திருப்பு விசையும் இணைப்பில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். எதிர் முறுக்கு என்றால் இரண்டும் சேர்ந்து இணைப்பைப் பம்பரம் போலச் சுற்றும், கவசம் பிரியும். அதனால் இணைப்பை மரச்சட்டத்தில் கட்டி, சுற்றாமல் இருக்க எடை தொங்கவிட்டார்கள். ஜூலை 29 இணைப்பில் எடைக்கு 32 ராத்தல் பீரங்கிக் குண்டு.

பலமும் போதாது. 1858 கேபிள் தண்ணீருக்குள் மைலுக்கு 0.67 டன், அறுபடும் இழுவிசை 3.25 டன். அதாவது தன் எடையில் 4.85 மைல் தொங்கலாம். கடல் ஆழமோ 2,400 பாகம் வரை, 2.4 மைல். காகிதத்தில் இரண்டு மடங்கு பாதுகாப்பு. ஆனால் அலையில் கப்பலின் பின்புறம் சட்டென உயரும் கணத்தில் பிரேக் பிடித்தால் அந்த இரண்டு மடங்கு ஒரு நொடியில் காலி. 1857இல் அறுந்தது இப்படித்தான்: பிரேக்கைக் கையால் இறுக்கியவர் அலையோடு சேர்த்துத் தளர்த்தவில்லை. 1858க்கு அப்போல்டின் தானே தளரும் பிரேக்கைப் பொருத்தினார்கள். அந்தப் பிரேக் முதலில் சிறைக் கைதிகள் சுற்றும் இயந்திரத்தின் கடினத்தை ஒரே அளவில் வைக்கச் செய்ததாம். சிறையிலிருந்து வந்து உருப்பட்டது இதுதான்.

1865 கேபிளில் பத்து திடமான கம்பி, ஒவ்வொன்றின் மேலும் மணிலா சணல். தண்ணீரில் எடை 0.7 டன், அறுபடும் விசை 7.75 டன். பதினோரு மைல் தொங்கும். எடை ஏறவில்லை, பலம் இரட்டிப்புக்கு மேல்.

உப்புக்காற்று · ஜூன் 7, மாலை 6:20

பிசின்டப்பா அண்ணே, உங்கள் பெயருக்குரிய வேலையைச் சொல்லுங்கள். கருவை எப்படி இணைத்தார்கள்?

பிசின்டப்பா · ஜூன் 8, காலை 7:30

1860களின் முறையைச் சொல்கிறேன், 1857ஐவிட அது தேறியது.

இரு முனையிலும் கட்டாபர்ச்சாவை உரித்து, ஏழு இழையையும் ஈயப்பற்று வைத்து ஒரே தண்டாக்கு. நுனிகளைச் சாய்வாக அரம் போட்டு ஒன்றின் மேல் ஒன்று படியவை. பற்றவைத்து, மேலே மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி மறுபடி பற்றவை. பற்றவைக்கப் பிசின்தான், அமிலம் கூடவே கூடாது. மிச்ச அமிலம் உள்ளேயே இருந்து செம்பைத் தின்னும், வருஷம் கழித்துத் தெரியும்.

பிறகு கட்டாபர்ச்சா. இருபுறமும் ஓரிரு அங்குலம் விளக்குச் சூட்டில் இளக்கி, விரலால் பென்சில் முனைபோல மெலிதாக்கி இணைப்பின் மேல் இழு. செம்பின் மேல் சாட்டர்டன் கலவை: கட்டாபர்ச்சா மூன்று பங்கு, பிசின் ஒரு பங்கு, ஸ்டாக்ஹோம் தார் ஒரு பங்கு. அதன் மேல் சூடான கட்டாபர்ச்சாத் தகடு, மறுபடி கலவை, மறுபடி தகடு. ஒவ்வொரு தகடின் மடிப்பும் முந்தைய மடிப்புக்கு எதிர்ப்பக்கம் வர வேண்டும். அழுத்தும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போ, இல்லாவிட்டால் காற்றுக் குமிழி உள்ளே மாட்டும். குளிர்ந்த நீரில் இறுகவிட்டு, ஊறவைத்துச் சோதி.

கெடுப்பது வியர்வை. ஈரக் கை பட்ட இடத்தில் தகடு ஒட்டியது போலவே இருக்கும், ஒட்டியிருக்காது. அடுத்தது அதிகச் சூடு: கட்டாபர்ச்சா பழுப்பாகிப் பிசுபிசுத்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது, இளகலாக இருக்கும்போதே வளைத்துவிடுவது. செம்பு ஒரு பக்கம் ஒதுங்கும், 1857 வெயிலில் நடந்தது கையளவில் நடக்கும்.

1857 கருவில் பூச்சுகளுக்கு இடையே இந்தக் கலவை இல்லை. 1865இல் நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் கீழே கலவை. ஒரு பூச்சில் துளை இருந்தாலும் அடுத்த பூச்சு மூடும். கருவை 75 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்துத்தான் இன்சுலேஷன் அளந்தார்கள். குளிரில் கட்டாபர்ச்சாவின் தடை மிகவும் ஏறும், மோசமான கருவும் நல்லது போலக் காட்டும். அதனால் வெதுவெதுப்பில் அளப்பது.

தாமிரத்தூள் · ஜூன் 8, இரவு 9:10

அந்த மாற்றத்தின் பலன் எண்ணில்: 1866 கேபிளுக்கு மைலுக்குச் செம்பு 300 ராத்தல், கட்டாபர்ச்சா 400. 1,850 மைலுக்குத் தடை 7,600 ஓம், கொள்ளளவு 650 மைக்ரோஃபாரட், பெருக்கல் 5 வினாடி. கொள்ளளவு கூடிவிட்டது, கவனியுங்கள். தடை மூன்றில் ஒன்றானதால் வேகம் பிழைத்தது. நிமிடத்துக்கு ஆறு, எட்டுச் சொல் போனது. கட்டணம் 20 சொல்லுக்கு 20 பவுண்டு, வேகத்துக்கும் பர்ஸுக்கும் சம்பந்தமில்லை.

1865இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கேபிள் ஆகஸ்ட் 2 அன்று அறுந்து ஆழத்துக்குப் போனது. 1866 ஜூலை 27இல் புதுக் கேபிளை நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்ட்ஸ் கன்டென்ட்டில் கரையேற்றிவிட்டு, திரும்பிப் போய் பழையதைச் சுமார் 2,000 பாகம் ஆழத்திலிருந்து கொக்கி போட்டுத் தூக்கி, இணைத்து, செப்டம்பர் 8இல் அதையும் முடித்தார்கள். ஓராண்டு கடலடியில் கிடந்த இன்சுலேஷன் கெடவே இல்லை. வெயிலும் காற்றும்தான் கட்டாபர்ச்சாவின் எதிரி, கடலடி அதற்குக் குளிர்பதனப் பெட்டி.

அப்புறம் பொறியாளர் லாட்டிமர் கிளார்க் செய்த வேடிக்கை: இரண்டு கேபிளையும் நியூஃபவுண்ட்லாந்தில் ஒன்றாக இணைக்கச் சொல்லி, வலென்ஷியாவில் ஒரு வெள்ளி அங்குஸ்தானில் துளி அமிலமும் துத்தநாகத் துணுக்கும் போட்டு அதையே பேட்டரியாக்கினார். குறி அட்லாண்டிக்கைப் போய்த் திரும்பியது. ஒரு வோல்ட் அளவுதான். உப்புக்காற்று கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

கடல்மைல் · ஜூன் 9, காலை 10:40

1865இல் மூன்று தரம் இரும்புக் கம்பித் துண்டு இன்சுலேஷனில் குத்தி நின்றது, நாசவேலை என்று கப்பலில் காவல் போட்டார்கள். கடைசியில் பார்த்தால் கவசக் கம்பி முறிந்து, தொட்டிக்குள் மேலடுக்கின் எடையில் கீழ்ச் சுற்றுக்குள் இறங்கியிருந்தது. உலோகக் குறை. அங்கும் முதலில் ஆளைத்தான் தேடினார்கள், இங்கே ஒயிட்ஹவுஸைத் தேடியது போல.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. 1858 கேபிள் உயிரோடிருந்தபோது கனடாவிலிருந்த 39, 62ஆம் படைப்பிரிவுகள் இங்கிலாந்து திரும்ப வேண்டாம் என்று உத்தரவு போனது. இந்தியாவில் 1857 எழுச்சிக்காக அழைக்கப்பட்ட படைகள், தேவை தீர்ந்துவிட்டது. அந்த ஒரு தந்தியில் அரசுக்கு 50,000 பவுண்டு மிச்சம் என்பார்கள். மொத்த மூலதனமே 3,50,000 பவுண்டுதான்.

அந்த ருசியில் செங்கடல் வழியாகக் கராச்சிக்கு 1859–60இல் ஒரு கேபிள் போட்டார்கள். 8,00,000 பவுண்டு. மெல்லிய கவசம், தளர்வே விடாமல் இழுத்துப் பவளப்பாறை முகடுகளுக்கு நடுவே கயிறு கட்டியது போல விட்டார்கள். இரும்பு துருப்பிடித்தது, சிப்பியும் பாசியும் ஏறி எடை கூடியது, அறுந்தது. முழுத் தூரத்துக்கு ஒரு தந்திகூடப் போகவில்லை. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அரசு ஈவுத்தொகை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம்! இந்த இரண்டு தோல்விக்கும் சேர்த்துத்தான் விசாரணைக் குழு உட்கார்ந்து 1861இல் அறிக்கை கொடுத்தது.

1870இல் கிரேட் ஈஸ்டர்ன் பம்பாய்–ஏடன் கேபிளோடு வந்தபோது கப்பலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள், தொட்டி சூடாகிக் கட்டாபர்ச்சா இளகக் கூடாது என்று. சென்னை–பினாங்கு–சிங்கப்பூர் கேபிள் அதை ஒட்டியே வந்தது.

உப்புக்காற்று · ஜூன் 9, இரவு 8:15

வெள்ளைப் பெயிண்ட் பதிமூன்று வருஷம் முன்னால் கிரீனிச்சில் யாருக்காவது தோன்றியிருந்தால்... சரி, கடைசிக் கேள்வி. அந்தத் தாமதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், மேசை மேல். முடியுமா?

தாமிரத்தூள் · ஜூன் 10, காலை 6:05

முடியும், அதிகச் செலவில்லாமல். 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் பத்து, 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பத்து. ஒரு ரெசிஸ்டர், அதன் முடிவிலிருந்து தரைக்கு ஒரு கெப்பாசிட்டர், மறுபடி ரெசிஸ்டர், இப்படிப் பத்துக் கண்ணி. மொத்தம் 22,000 ஓம், 470 மைக்ரோஃபாரட், பெருக்கல் 10.3 வினாடி. 9 வோல்ட் பேட்டரி, மறுமுனையில் 500 மைக்ரோஆம்ப் முள் மீட்டர். இறுதி மின்னோட்டம் 0.4 மில்லிஆம்ப் வரும். டிஜிட்டல் மீட்டர் வேண்டாம், அதன் தாமதம் தனியாகச் சேரும்.

சாவியை அழுத்தினால் முள் அரை வினாடிக்கு மேல் தூங்கும், பிறகு நகரும், ஒன்றரை வினாடி அளவில் பாதி தொடும். ஒரு வினாடிக்கு ஒரு தரம் தட்டிப் பாருங்கள்: முள் நடுவிலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். பிறகு ஐந்தாம் கண்ணியிலிருந்து தரைக்கு 1 கிலோஓம் ஒன்று போடுங்கள், அதுதான் 1858இன் பழுது.

பிசின்டப்பா · ஜூன் 10, காலை 7:20

துருவத்தை மாற்றி மாற்றித் தட்டுவதாக இருந்தால் சாதாரண எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போடாதீர்கள், கெட்டுவிடும். துருவமில்லாதது வாங்குங்கள், அல்லது 100 மைக்ரோஃபாரட் இரண்டை எதிர்மின் முனையோடு எதிர்மின் முனை சேர்த்து ஒன்றாக்குங்கள், 50 கிடைக்கும்.

தாமிரத்தூள் · ஜூன் 10, காலை 7:35

மாற்றித் தட்டும்போது முள் நடுவில் பூஜ்யம் உள்ள மீட்டர் வேண்டும். நேர்த் துடிப்பு ஒன்று, உடனே அதைவிடக் குறுகிய எதிர்த் துடிப்பு ஒன்று என்று அடித்தால் குறியின் வால் (வடியாமல் நிற்கும் மிச்சம்) சீக்கிரம் அடங்குவதும் தெரியும். முதல் துடிப்பு 0.6 வினாடி, எதிர் 0.3 என்று தொடங்கி, முள் தாண்டிப் போனால் எதிரைக் குறையுங்கள், தொங்கினால் கூட்டுங்கள்.